மாத்திரை போட்டவருக்குப் பூஜ்யம்

நானும் தினமும் காலையில் பிரஷர் மாத்திரை போடுகிறவன்தான். அதனாலோ என்னவோ, அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான உடல்பாதிப்பு உதவித்தொகை விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 7101 என்ற எண்ணில் கண் நின்றுவிட்டது. உயர் ரத்த அழுத்தத்துக்கு அங்கே உள்ள குறியீட்டு எண் அது.

விதி சின்னதுதான். ரத்த அழுத்த அளவைப் பார்த்துப் பாதிப்புக்கு ஒரு சதவீதம் போடுகிறார்கள், உதவித்தொகை அதைப் பொறுத்தது. கீழ் அளவு பெரும்பாலும் 100ஐத் தொட்டாலோ, மேல் அளவு 160ஐத் தொட்டாலோ 10 சதவீதம். கீழே 110 அல்லது மேலே 200 என்றால் 20 சதவீதம். அதற்கப்புறம் கீழ் அளவை மட்டும்தான் பார்க்கிறார்கள்: 120க்கு 40, 130க்கு 60. அத்தோடு சரி. 10 சதவீதம் என்பது 2025 கணக்குப்படி மாதம் 175 டாலர் 51 சென்ட்டாக இருந்தது.

மேல் அளவு 200 ஆகும்வரை எந்த டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? 2017இல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 130/80 வந்தாலே உயர் அழுத்தம் என்று சொல்லிவிட்டன. இந்த அட்டவணையோ வைத்தியமே பார்க்காத ஆளை மனதில் வைத்து எழுதியது போல இருக்கிறது.

என் ஆத்திரம் முழுக்க மாத்திரை விஷயத்தில்தான். மருந்து போட்டு அடங்கிய பிறகு என்ன அளவு வருகிறதோ அதை வைத்துத்தான் சதவீதம் போடுகிறார்கள். ஒரு நோய்க்கான விதியில் மருந்தைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால், மருந்தால் கிடைத்த நிவாரணத்தைக் காட்டிச் சதவீதத்தைக் குறைக்கக்கூடாது என்று முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் சொன்னது. அதே நியாயத்தைப் பிரஷருக்கும் கேட்டுப் போனார்கள். 2016இல் அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. 7101இல்தான் மருந்து என்ற வார்த்தை இருக்கிறதே, அதனால் அந்தச் சலுகை இங்கே பொருந்தாது என்றது.

அந்த வார்த்தை எங்கே வருகிறது தெரியுமா? முன்பு கீழ் அளவு பெரும்பாலும் 100க்குக் குறையாமல் இருந்து, இப்போது அதைக் கட்டுப்படுத்தத் தொடர்ந்து மருந்து தேவைப்படுகிறவருக்குக் குறைந்தது 10 சதவீதம் உண்டு என்கிற இடத்தில். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறவர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே வாசல் அது. அதிலும் கீழ் அளவு மட்டும்தான்! மேல் அளவு எவ்வளவு எகிறியிருந்தாலும் அந்த வாசலில் அதற்கு மதிப்பில்லை.

வயதானவர்களுக்கு ரத்தக் குழாய் இறுகிப்போகும். மேல் அளவு ஏறும், கீழ் அளவு இறங்கும். வியட்நாம் போரில் இருந்த அமெரிக்க வீரர்களில் பெரும்பாலோர் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். ஒருவருக்கு வைத்தியத்துக்கு முன் 185/86, இப்போது மூன்று மாத்திரையில் 138/76 என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பூஜ்யம். அதே ஆள் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு 170ஓடு போய் நின்றால் 10 சதவீதம். யாரும் அப்படிச் செய்யக்கூடாது, பக்கவாதத்தை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது அது. ஆனால் அப்படி ஒரு கணக்குக்கு இடம் கொடுக்கிற விதி என்ன விதி?

இந்தத் தலைமுறை ஏற்கெனவே ரொம்பக் காத்திருந்துவிட்டது. 1962 முதல் 1971 வரை வியட்நாம் காடுகள் மீது களைக்கொல்லி தெளித்தார்கள். அவற்றில் ஒன்றான ஏஜென்ட் ஆரஞ்சில் டையாக்சின் என்ற நச்சு கலந்திருந்தது. அதற்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்புக்குப் போதுமான சான்று இருக்கிறது என்று அமெரிக்க தேசிய அகாடமிகளின் குழு 2018இல் அறிவித்தது. களைக்கொல்லியால் வந்தவை என்று ஏற்கும் நோய்ப் பட்டியலில், 2021 ஜனவரியில் வந்த சட்டம் வேறு மூன்று நோய்களைச் சேர்த்துக்கொண்டு பிரஷரை விட்டுவிட்டது. 2022 ஆகஸ்ட் 10 அன்று பைடன் கையெழுத்திட்ட பேக்ட் சட்டத்தில்தான், அதாவது பணியில் நச்சுப்பொருள்களுக்கு ஆளான வீரர்களுக்கான சட்டத்தில்தான், பிரஷருக்கு இடம் கிடைத்தது. இப்போது 1962 ஜனவரி 9க்கும் 1975 மே 7க்கும் இடையில் வியட்நாமில் பணியாற்றியவர், நோய்க்குக் காரணம் ராணுவப் பணிதான் என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை.

வளைகுடாவிலும் ஆப்கானிஸ்தானிலும் குப்பை எரித்த குழிகளின் புகையைச் சுவாசித்தவர்களுக்குப் பிரஷர் விஷயத்தில் இந்த அனுமானம் கிடையாது. பணியிலேயே தொடங்கியது என்றோ, விலகிய ஓராண்டுக்குள் 10 சதவீத அளவுக்கு வந்தது என்றோ அவர்கள் காட்ட வேண்டும். இல்லையென்றால், ஏற்கெனவே ஏற்கப்பட்ட வேறொரு பாதிப்பிலிருந்து வந்தது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். முழங்கால் காயத்துக்கு வருடக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரையே பிரஷரை ஏற்றக்கூடியதுதான்.

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே, இதுக்குப் போய் வரிப்பணமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. புதிய வரையறைப்படி அமெரிக்காவில் வளர்ந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு உயர் அழுத்தம். ஒரு தனி மனிதனின் பிரஷருக்கு டையாக்சின் காரணமா, உப்பு காரணமா, பரம்பரை காரணமா என்று எந்தப் பரிசோதனையும் பிரித்துச் சொல்லாது. சொல்ல முடியாது என்பதால்தானே சட்டம் சந்தேகத்தின் பலனை வீரருக்குக் கொடுத்தது? கொடுத்துவிட்டு அட்டவணையில் பிடித்துக்கொள்வானேன்? வைத்தியத்துக்கு முந்தைய மேல் அளவையும் கணக்கில் எடுக்கட்டும், எத்தனை மருந்து தேவைப்படுகிறது என்றும் பார்க்கட்டும்.

பூஜ்யம்தானே வரும் என்று விண்ணப்பிக்காமல் இருப்பதும் தப்பு. பூஜ்யம் என்றாலும், நோய் பணியால் வந்தது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிறது. அந்த நோய்க்கான சிகிச்சைக்கு முன்னாள் படைவீரர் நலத்துறை மருத்துவமனையில் கைக்காசு கொடுக்க வேண்டாம். நாளை அதனாலேயே சிறுநீரகம் கெட்டாலோ பக்கவாதம் வந்தாலோ அதன் தொடர்ச்சியாகக் கேட்கலாம். உயிரே போனால் துணைவருக்கு மாதத்தொகைக்கு வழி உண்டு.

10 சதவீதத்தின் கூட்டல் கணக்கும் விசித்திரமானது. புதிய சதவீதத்தை மிச்சமிருக்கும் பங்கில் மட்டும் கணக்கிட்டு, பக்கத்துப் பத்துக்கு மாற்றுகிறார்கள். 50 வைத்திருப்பவருக்கு இன்னொரு 10 வந்தால் 55 ஆகி 60க்கு உயரும். 60 வைத்திருப்பவருக்கு வந்தால் 64 ஆகி மறுபடி 60க்கே இறங்கும்.

கடைசியில் எல்லாம் மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்த அந்தப் பழைய அளவில் போய் நிற்கிறது. இதை எழுதிவிட்டு என் மருந்துச் சீட்டுகளைத் தேடிப் பார்த்தேன். பதினோரு வருஷச் சீட்டு இருக்கிறது. முதல் நாள் எனக்கு எவ்வளவு இருந்தது என்பது மட்டும் எதிலும் இல்லை.