எந்த அறை? யாருடைய அறை?

"அறை வெப்பநிலையில் இரண்டு நாள் வையுங்கள்."

வீட்டில் ஜிஞ்சர் பியர், அதாவது ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைக்கும் இஞ்சிச் சோடா, செய்வது எப்படி என்று நான் பார்த்த அத்தனை குறிப்பிலும் இந்த வரி இருக்கிறது. இஞ்சி இவ்வளவு, சீனி இவ்வளவு, தேசிக்காய் இத்தனை என்று எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்கிறார்கள். கடைசியில் வந்து, எல்லாவற்றையும் தீர்மானிக்கிற இடத்தில், "அறை வெப்பநிலை" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எந்த அறை? யாருடைய அறை? எந்த ஊரில், எந்த மாதத்தில்?

கொழும்பு வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் இருக்கும் என் குசினியும் ஓர் அறைதான். மேற்குச் சுவர் பின்நேர வெயில் முழுவதையும் வாங்கி வைத்துக்கொண்டு இரவிரவாகத் திருப்பித் தரும். சித்திரையில் அங்கே தொங்கும் வெப்பமானி மாலை நாலு மணிக்கு 33 பாகை காட்டுகிறது. விடியப்புறம் எழும்பிப் பார்த்தால் 29. அதற்குக் கீழே அது இறங்கி நான் பார்த்ததில்லை. இந்த அறையில் இரண்டு நாள் வைத்தால் என்ன நடக்கும் என்று எழுதியவர்களில் ஒருவராவது யோசித்தார்களா?

என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன். வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு, இரவு இரண்டே முக்கால் மணி. ரான்ஸ்போமர் வெடித்ததாக்கும் என்று நினைத்துத்தான் எழும்பினேன். லைற் எரிந்தது. குசினி வாசலுக்குப் போனதும் இஞ்சி வாசம் மூக்கில் அறைந்தது. மேசையில் வரிசையாக ஆறு போத்தல் வைத்திருந்தேன், ஐந்துதான் நின்றன. ஆறாவதின் கழுத்து மூடியோடு ஸிங்குக்குள் கிடந்தது. மீதி எல்லா இடத்திலும் இருந்தது. அடுப்புக்குப் பின்னால், பிரிட்ஜுக்கு மேல், மூடாமல் விட்டிருந்த அரிசி வாளிக்குள். அரிசிக்குள் ஒரு துண்டு நகத்தளவு மெல்லிசாக நின்றது. லைற் வெளிச்சம் பட்டதால்தான் அது தெரிந்தது. படாமல் இருந்திருந்தால் காலையில் அம்மா அந்த அரிசியைத்தான் களைந்திருப்பா.

என் மகளுக்கு ஐந்து வயது. இரவில் தண்ணீர் விடாய்த்தால் எங்களை எழுப்ப மாட்டாள். செருப்பும் போடாமல் தானே குசினிக்குப் போய்க் குடித்துவிட்டு வருவாள். அன்றைக்கு அவள் போகவில்லை. அதை நினைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த "அறை வெப்பநிலை" மேல் எனக்கு வருகிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

மிச்சம் ஐந்தையும் என்ன செய்வது? கதவைச் சாத்திவிட்டு விடியும் வரை முன்கூடத்தில் இருந்தோம். ஐந்து மணிபோல இன்னொன்று போனது. விடிந்த பிறகு ஹெல்மெட்டும் தடித்த கையுறையும் போட்டு, நனைத்த சாக்கைப் போர்த்தி, ஒவ்வொன்றாக வாளிக்குள் இறக்கி, சாக்குக்கு மேலாலேயே மூடியை மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். ஒரு போத்தல் அடங்கக் கால் மணித்தியாலம். உள்ளே இருந்ததில் பாதிக்கு மேல் நுரையாகச் சாக்குக்குள் போனது. அரிசியைக் கொட்டினோம். அப்புறம் நாலு நாளைக்குச் சிற்றெறும்பு.

இனி ஈஸ்ட் கதை. அது இதைவிட எரிச்சல்.

தைப்பொங்கலுக்கு முதல் தடவை செய்தபோது ஒன்றுமே பொங்கவில்லை. இரண்டு நாள், மூன்று நாள், ஐந்து நாள். திறந்தால் "ஸ்" என்ற சத்தம்கூட இல்லை. இஞ்சிப் பாணிதான். இஞ்சி பழசா, சீனி போதாதா, குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரீன் ஈஸ்டைக் கொன்றுவிட்டதா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். தண்ணீரை நான் கொதிக்க வைத்து ஆற்றித்தான் சேர்த்திருந்தேன், அது காரணமாக இருக்க முடியாது. பிறகுதான் ஈஸ்ட் வாங்கின பையை எடுத்துப் பார்த்தேன். பெரிய பைக்கற்றை உடைத்து, சின்னச் சின்னப் பொலித்தீன் பைகளில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்துத் தொங்கவிட்டிருந்த சாமான். அதில் பெயர் இல்லை, திகதி இல்லை, ஒன்றுமே இல்லை. உடைத்த ஈஸ்ட் காற்றும் ஈரமும் சூடும் பட்டால் செத்துக்கொண்டே போகும். அந்தக் கடையில் அது எத்தனை மாதமாகத் தொங்கியதோ. கேட்டால், "நல்ல ஈஸ்ட் தம்பி, பாண் போடுறவை எல்லாரும் இதைத்தானே வாங்கினம்" என்கிறார். எப்போது உடைத்த பை என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஆகவே சித்திரைக்குச் செய்தபோது, இந்த ஈஸ்டில் பாதி செத்திருக்கும் என்று நினைத்து அளவை இரட்டிப்பாக்கினேன். அதே கடை, அதே மாதிரிப் பை. ஆனால் இந்த முறை அது புதுசாக உடைத்த பையில் இருந்து வந்தது, அவ்வளவும் உயிரோடு இருந்தது. பையில் ஒரு திகதி எழுதியிருந்தால் எனக்கு இது தெரிந்திருக்கும். ஒரு பேனாவும் ஒரு நிமிடமும் செலவு. இப்போது நான் எதைச் செய்வதற்கு முன்பும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு சிட்டிகை சீனி போட்டு ஈஸ்டைக் கரைத்துப் பத்து நிமிடம் பார்க்கிறேன். நுரை கட்டினால் உயிர் இருக்கிறது. இந்தச் சோதனையைக்கூட முக்கால்வாசிக் குறிப்புகள் சொல்வதில்லை.

அவர்கள் சொல்லாமல் விடும் கணக்கு இன்னொன்று இருக்கிறது. ஒரு லீற்றர் தண்ணீரில் 4 கிராம் சீனி முழுதாகப் புளித்தால், ஏறக்குறைய அந்த ஒரு லீற்றர் அளவுக்கே காபனீரொட்சைட்டு வாயு வரும். கடைச் சோடா நாக்கில் குத்துவதற்கு அதைப் போல மூன்றரை, நாலு மடங்கு போதும். அதாவது லீற்றருக்கு 16 கிராம் சீனி. நாங்கள் போடுவது 100 கிராம், ஏனென்றால் இனிப்பு வேண்டும். மிச்சம் 84 கிராம் போத்தலுக்குள்ளே ஈஸ்டுக்குத் தீனியாக அப்படியே கிடக்கிறது. போதும் என்று ஈஸ்ட் தானாக நிறுத்தாது. தின்று முடித்தால் 25 மடங்கு வாயு. எந்தப் போத்தல் தாங்கும்? வாயு அளவாக வந்த நேரத்தில் தூக்கிப் பிரிட்ஜுக்குள் வைத்து ஈஸ்டைத் தூங்கப் போடுவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. அந்த நேரம் எப்போது வரும் என்பதைச் சூடு தீர்மானிக்கிறது. 10 பாகை கூடினால் ஈஸ்டின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 20 பாகையில் இரண்டு நாள் எடுக்கிற வேலை என் குசினியில் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். ஈஸ்ட் இரட்டிப்பாக இருந்தால் அதற்கும் முன்னாலேயே. நான் குறிப்பை நம்பி இரண்டாம் நாள் இரவும் விட்டுவைத்தேன்.

அதிலும் என்ன போத்தல்! கோடியல் (தண்ணீர் கலந்து குடிக்கும் பழப்பாகு), வினாகிரி வந்த பழைய கண்ணாடிப் போத்தல்கள். "கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் ஊற்றி இறுக்கி மூடவும்" என்று வீடியோவில் சிரித்த முகத்தோடு சொல்கிறார்கள். வாயு அடைக்கவென்று தடிப்பமாகச் செய்த சோடாப் போத்தல் வேறு, கோடியல் போத்தல் வேறு. அது தெரியாமலா படம் எடுத்துப் போடுகிறார்கள்? சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றினால் கையால் அமுக்கிப் பார்க்கலாம். கல்லு மாதிரி இறுகிவிட்டால் பிரிட்ஜுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். படத்துக்குக் கண்ணாடி அழகு என்பதற்காக ஊரார் வீட்டுக் குசினியில் வெடி வைக்கிறார்கள்.

ரொறன்ரோவில் மச்சான் ஒருவன் இருக்கிறான், பெரியம்மாவின் மருமகன். பத்து வருடத்துக்கு மேலாக வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறான். மால்ட், ஹொப்ஸ், இருபது லீற்றர் வாளி, காற்றுப் போக்கி, எல்லாம் இருக்கிறது. ஈஸ்டைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை என்று அவனிடம் கேட்டேன். "சும்மா வெளியில வை மச்சான், இல்லாட்டி பேஸ்மென்டில வை" என்றான்.

பேஸ்மென்ட்! நாலாம் மாடி பிளாட்டில் நிலவறைக்கு நான் எங்கே போவேன்? அவனுடைய நிலவறை வருடம் முழுக்க 18, 19 பாகையில் நிற்கிறது. அவன் போடும் ஏல் ஈஸ்டுக்கு (ஏல் என்பது ஒரு வகைப் பியர்) 18 முதல் 22 வரைதான் சுகம், அதற்கென்றே கட்டின மாதிரி. மாரியில் இன்னும் குளிர்ந்தால் வாளியைச் சுற்றிக் கட்ட ஒரு சூட்டுப் பட்டி வாங்கி வைத்திருக்கிறான். அவனுக்குச் சூடு போதவில்லை!

வெடித்த பிறகு கதைத்தபோதுதான் சொல்கிறான், ஒரு கோடையில் மேல்வீட்டில் வைத்து 27 பாகை ஏறி, பியர் முழுக்க வார்னிஷ் மணம் மணத்து இருபது லீற்றரையும் ஊற்றினானாம். ஈஸ்ட் சூட்டில் ஓடினால் அந்த மணம் தரும் கனமான மதுசாரங்களைக் கக்கும் என்று எனக்கே பாடம் எடுக்கிறான். அப்போ இது உனக்குத் தெரிந்திருக்கிறது, மச்சான்! தன் கொப்பியில் ஒவ்வொரு வாளிக்கும் பாகை எழுதி வைத்திருக்கிறான். எனக்குச் சொல்லும்போது மட்டும் "சும்மா வெளியில வை". வெளியில் என்றால் அவனுக்கு எங்கும் 20 பாகைதான். கொழும்பில் பிறந்து முப்பது வயது வரை இங்கே வியர்த்தவன் இதை மறந்தால் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

எங்கள் வீடுகளில் குளிரான இடம் ஒன்றே ஒன்றுதான், பிரிட்ஜ். அது 4 பாகை. அங்கே ஈஸ்ட் கிட்டத்தட்ட வேலையே செய்யாது. பிரிட்ஜுக்கு வெளியே வந்தால் 31. நாலுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில் என் வீட்டில் ஓர் இடம் கிடையாது. படுக்கையறையில் ஏசி இருக்கிறது, இரவில் 26இல் ஓடும், விடிந்ததும் நிறுத்திவிடுவோம். ஆறு போத்தலுக்காகப் பகலிலும் ஏசி போட இங்கே யாரிடம் காசு இருக்கிறது? அந்தப் பிரிட்ஜையாவது நம்பலாமா என்றால், 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர் இது.

என்னை மிகவும் வருத்தியது அம்மம்மாவின் கொப்பி. இந்த ஆசையே அதிலிருந்துதான் வந்தது. நத்தாருக்கும் வருடப்பிறப்புக்கும் அவ செய்த ஜிஞ்சர் பியர், கறுவாவும் இரண்டு கராம்பும் போட்டது, தொண்டையில் இறங்கும்போது சுள்ளென்று எரியும். கடையில் வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வாங்குகிறேன், கடை ஜிஞ்சர் பியரை இந்த நாடே விரும்பிக் குடிக்கிறது, நானும்தான். அந்த எரிவு அதில் இல்லை. கொப்பியில் அவவின் சாய்ந்த எழுத்தில் "இரண்டு நாள் மூடி வைக்கவும்" என்று இருக்கிறது. அதை வேதமாக எடுத்தேன். அம்மம்மா பொய் எழுதவில்லை. ஆனால் அவ இருந்தது பண்டாரவளையில், போர்வை இல்லாமல் படுக்க முடியாத ஊரில். அங்கே இரண்டு நாள் சரி. அந்தக் குசினியில் அவவுக்குப் பாகை எழுதத் தேவை வரவில்லை.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமா? 1849இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் பியர் காய்ச்ச ஆலை வைத்தது நுவரெலியாவில். 1881இல் தொடங்கிய ஆலையும் அங்கேதான். துறைமுகம் கொழும்பில் இருக்க, அந்தக் காலத்துப் பாதையில் மலையேறிப் போய்க் காய்ச்சினார்கள். மலையில் குளிர் சும்மா கிடைத்தது. குளிரூட்டும் இயந்திரம் கைக்கு வந்து வெகுகாலம் கழித்துத்தான் அந்தத் தொழில் கொழும்புக்குப் பக்கத்துப் பியகமைக்கு இறங்கியது. காசும் ஆளும் இருந்த வெள்ளைக்காரனே மலைக் குளிரில்தான் காய்ச்சினான். எனக்கு மட்டும் "வெளியில வை".

இப்போது மீன்காரரிடம் கேட்டு சூடு புகாத ஒரு ரெஜிபோம் பெட்டி வாங்கியிருக்கிறேன். கழுவி வெயிலில் காயவைத்து இரண்டு நாளில் மீன் மணம் போனது. அதற்குள் நாலு பிளாஸ்டிக் சோடாப் போத்தல், நடுவில் வெப்பமானி, மூலையில் உறையவைத்த தண்ணீர்ப் போத்தல் இரண்டு. காலையும் மாலையும் ஐஸ் மாற்றினால் பெட்டிக்குள் 22, 23இல் நிற்கிறது. நேற்றுப் பின்நேரம் அமுக்கிப் பார்த்தேன், கொஞ்சம் இடம் கொடுத்தது. இன்றைக்குக் காலையில் கல்லு. நாலையும் பிரிட்ஜுக்கு மாற்றிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அம்மம்மாவின் கொப்பியை எடுத்து, "இரண்டு நாள்" என்பதற்கு முன்னால் பென்சிலால் "பண்டாரவளையில்" என்று எழுதியிருக்கிறேன். கீழே: "வெள்ளவத்தை, பெட்டிக்குள், 22 பாகை, 38 மணித்தியாலம்."