பேசேஜ் அருமை, கேள்விதான் வில்லங்கம்

சீனாவின் காவ்காவ் ஆங்கிலத் தாள்களை எடுத்து வைத்துப் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் ட்யூஷன் எடுக்கிறவனுக்கு அடுத்த ஊர் கொஸ்டின் பேப்பரை எட்டிப் பார்க்கிற ஆசை இருக்கத்தானே செய்யும். பார்த்ததில் ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஒரு பிள்ளைக்குப் படித்தால் புரிகிறதா என்று சோதிக்கச் சீனர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அவர்களுடைய தேர்வுமுறைக்கு அது கட்டுப்படியாகவில்லை.

விவரம் தெரியாதவர்களுக்கு: காவ்காவ் என்பது கல்லூரி நுழைவுத் தேர்வு. ஜூன் 7-ல் ஆரம்பம். பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மதிப்பெண். சீன மொழிக்கு 150, கணக்குக்கு 150, ஆங்கிலத்துக்கும் அதே 150. ஜூன் 8 மதியம் 3 மணியிலிருந்து 5 மணி வரை ஆங்கிலம். 2024-ல் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். கண்ணால் பார்க்காமல் இந்த எண்ணிக்கையை மனசில் வாங்குவது கஷ்டம்.

பல மாகாணங்கள் எழுதுகிற புதிய பொதுத் தாளில் வாசிப்புப் பகுதிக்கு மட்டும் 50 மதிப்பெண். நாலு பேசேஜ், பதினைந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டரை. அது போக, ஒரு கட்டுரையில் ஐந்து வாக்கியங்களை உருவிவிட்டு, கீழே ஏழு வாக்கியம் கொடுத்து, எது எங்கே பொருந்தும் என்று கேட்பார்கள். எல்லாமே அன்சீன். பாடப்புத்தகத்திலிருந்து ஒரு வரிகூட வராது. நோட்ஸ் போட்டு மனப்பாடம் செய்ய வழியில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அந்தத் தாள்மேல் மரியாதை உண்டு.

பேசேஜ்களும் சும்மா சொல்லக் கூடாது. 2023 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது, ஆம்ஸ்டர்டாமில் சைக்கிள் வாடகைக்கு விடும் கடையின் விளம்பரம். இரண்டாவது, கழிவுநீரைச் செடி, மீன், நத்தை இவற்றை வைத்தே சுத்தம் செய்யும் முறையை உருவாக்கிய ஜான் டாட் என்கிற உயிரியலாளரைப் பற்றியது. மூன்றாவது, கைப்பேசி, இணையப் பழக்கத்தைக் குறைத்துக்கொள்வது பற்றிய ஒரு புத்தகத்தின் அறிமுகம். நாலாவதுதான் எனக்குப் பிடித்தது. 1907-ல் பிரான்சிஸ் கால்டன் எழுதிய ஒரு கட்டுரையில் தொடங்கி, ஆளுக்கொரு மதிப்பீடு சொன்னாலும் எல்லாருடையதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அது ஏன் உண்மைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது என்று பேசுகிறது. கால்டனுக்குப் பொருள் கொடுத்தது ஒரு கண்காட்சியில் மாட்டின் எடையைச் சொல்லும் போட்டி. பதினெட்டு வயசுப் பிள்ளைக்குத் தேர்வு அறையில் உட்கார்ந்தபடி இப்படி ஒன்றைப் படிக்கக் கிடைப்பது நல்ல விஷயம் இல்லையா? நம் பிள்ளைகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வில்லங்கம் பேசேஜுக்குக் கீழே இருக்கிறது.

2024 தாளின் மூன்றாவது பேசேஜ் வாசிப்பைப் பற்றியதுதான். காகிதத்தில் படித்தாலும் திரையில் படித்தாலும் ஒரே மாதிரி புரியுமா என்று கேட்டு, பெரும்பாலும் இல்லை என்கிறது. திரையில் படிக்கும்போது நாம் சமூக ஊடகத்தைப் பார்க்கிற அதே மனநிலையோடு உட்காருகிறோம், காகிதத்துக்குச் செலவழிக்கிற அளவு மூளையைச் செலவழிப்பதில்லை என்று ஒரு கருதுகோள் அதில் வரும். அதைப் பற்றி ஒரு கேள்வி: இந்தக் கருதுகோள் என்ன சொல்கிறது? விடைகள் நாலு. வாசகர்கள் டிஜிட்டல் எழுத்தை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். டிஜிட்டல் எழுத்து புரிந்துகொள்ள எளிது. டிஜிட்டல் எழுத்தை மக்கள் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். டிஜிட்டல் எழுத்து சமூக ஊடகத்துக்குப் பொருத்தமானது.

முதலாவதுதான் சரி. பேசேஜைப் படித்துப் புரிந்துகொண்டவனுக்கு இது நியாயமான கேள்வி. கோச்சிங்கில் அடிபட்டு வந்தவன் இதை எப்படிப் போடுவான் தெரியுமா? கேள்வியை முதலில் படிப்பான். அதிலுள்ள முக்கியச் சொல்லைப் பேசேஜில் கண்ணால் தேடுவான். சிக்கிய வாக்கியத்தை மட்டும் படிப்பான். பிறகு விடைகளைப் பார்ப்பான். நாலாவதில் 'சமூக ஊடகம்' என்று பேசேஜ் சொல் அப்படியே இருக்கிறது, ஆகவே அது பொறி. முதலாவதில் அதே கருத்து வேறு சொற்களில் வருகிறது, ஆகவே அதுதான் விடை. அரை நிமிஷ வேலை. காகிதமா திரையா என்று அந்தக் கட்டுரை கடைசியில் என்ன முடிவுக்கு வருகிறது என்பது அவனுக்குத் தேவையே இல்லை. மேலோட்டமாகப் படிக்காதே என்று சொல்கிற கட்டுரையை மேலோட்டமாகப் படித்தே இரண்டரை வாங்கிவிட்டான்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. சீன வகுப்பறைகளில் வெளிப்படையாகச் சொல்லித்தருகிற முறையே இதுதான். 'எப்போதும்', 'மட்டுமே' மாதிரி அழுத்தமான சொல் உள்ள விடையைக் கழித்துவிடு என்பது இன்னொரு விதி. மூன்று சிறுசு ஒன்று பெரிசு என்றால் பெரிசைப் போடு, மூன்று பெரிசு ஒன்று சிறுசு என்றால் சிறுசைப் போடு என்று ஒரு சொலவடையே அங்கே புழங்குகிறது. பாதி கிண்டல், பாதி கடைசி நேர நம்பிக்கை. தாள் போடுகிறவர்களுக்கும் இது தெரியும்போல. சமீபத்திய தாள்களில் நாலு விடையும் ஏறக்குறைய ஒரே நீளத்தில்தான் இருக்கின்றன.

சீனாவை மட்டும் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. அமெரிக்காவில் 1990-ல் வெளியான ஓர் ஆய்வில், அங்கே கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதுகிற சாட் தேர்வின் வாசிப்புக் கேள்விகளைப் பேசேஜே கொடுக்காமல் மாணவர்களிடம் நீட்டினார்கள். ஐந்து விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் ஐந்தில் ஒரு பங்குதான் சரியாகும். அவர்கள் அதைவிட நன்றாகவே அதிகம் சரியாகப் போட்டார்கள், படிக்காத பேசேஜுக்கு! இன்னும் பின்னால் போனால், கொள்குறி வினாவைப் பள்ளிக்கூடத் தேர்வுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவரான பிரெடெரிக் கெல்லி 1914-15 வாக்கில் கான்சஸில் உருவாக்கியதே வாசிப்புத் தேர்வுதான். ஒரே தாளுக்கு ஆசிரியருக்கு ஆசிரியர் மதிப்பெண் மாறுகிறதே என்பது அவருடைய கவலை. யார் திருத்தினாலும் ஒரே மதிப்பெண் வர வேண்டும் என்று ஆரம்பித்தது. படிக்கத் தெரிகிறதா என்பதை அளக்க இதைவிட நல்ல வழி இல்லை என்பதால் வந்ததல்ல.

சீனாவிலும் நல்ல எண்ணத்தோடு ஆரம்பித்தவர்கள் உண்டு. கலாச்சாரப் புரட்சியில் நின்றுபோன காவ்காவ் 1977-ல் திரும்பி வந்தபோது ஆங்கிலத்துக்குப் பெரிய மதிப்பில்லை. படிப்படியாக ஏற்றி 1983-ல்தான் அதன் மதிப்பெண் முழுசாகக் கணக்கில் வந்தது. 1985-ல் குவாங்டொங் மாகாணத்தில் குய் ஷிசுன், லி சியாவ்ஜூ போன்ற மொழியியலாளர்கள் ஒரு புதிய ஆங்கிலத் தேர்வைச் சோதனை முறையில் கொண்டுவந்தார்கள். இலக்கணச் சூத்திரத்தை ஒப்பிக்கவைக்கும் பாடமுறையைத் தேர்வை மாற்றுவதன் மூலம் மாற்றிவிடலாம் என்பது திட்டம். இருபது வருஷம் கழித்து, 2005-ல், சி லூசியா என்ற ஆய்வாளர் நிலவரத்தைப் பார்த்து எழுதினார். தாள் போட்டவர்கள் எதிர்பார்த்த மாற்றம் வகுப்பறையில் வரவில்லை. காரணம், அந்தத் தேர்வுக்குப் பிள்ளைகளைச் சலித்தெடுக்கிற வேலையும் இருக்கிறது. பெரிய மாகாணங்களில் ஒரே மதிப்பெண்ணில் ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே எந்த வாத்தியார் மொழி வளரட்டும் என்று காத்திருப்பார்? நானாக இருந்தாலும் பொறியை எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் சொல்லித்தருவேன்.

இன்னொரு கோணம், ஆம்ஸ்டர்டாம் சைக்கிள். கைப் பிரேக்கும் மூன்று கியரும் உள்ள வண்டி இரண்டு நாளைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்கள். சுலபமான கேள்விதான். ஆனால் வெளிநாட்டுச் சுற்றுலா விளம்பரத்தை ஏற்கெனவே பார்த்துப் பழகிய குவாங்சோ நகரத்துப் பெண்ணுக்கும், ஹுனான் மாகாணத்துக் கிராமத்தில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்த பையனுக்கும் அந்தப் பக்கம் ஒரே மாதிரித் தெரியாது. 1988-ல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் பேஸ்பால் ஆட்டத்தை வைத்து இதைக் காட்டினார்கள். ஆட்டம் தெரிந்த, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட அந்தப் பேசேஜை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள சொல் வந்தால் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் சீன அர்த்தம் போட்டுவிடுகிறார்கள், அது நியாயமான ஏற்பாடு. சொல்லுக்கு அர்த்தம் போடலாம். பார்த்திராத உலகத்துக்கு என்ன போடுவது?

சரி, படித்துப் புரிந்ததா என்று உண்மையிலேயே சோதிக்கிற கேள்வி அந்தத் தாளில் இல்லையா? இருக்கிறது. ஆச்சரியம், அது வாசிப்புப் பகுதியில் இல்லை, கடைசியில் எழுத்துப் பகுதியில் இருக்கிறது. ஒரு கதையைக் கொடுத்து நடுவழியில் நிறுத்திவிடுவார்கள். அடுத்து வரும் இரண்டு பத்திகளின் முதல் வாக்கியம் மட்டும் தருவார்கள். மிச்சத்தை மாணவர் சுமார் 150 சொற்களில் எழுதி முடிக்க வேண்டும். 25 மதிப்பெண். வாங் சூமிங் என்ற பேராசிரியர் நெடுநாள் வலியுறுத்திவந்த முறை இது, செஜியாங் மாகாணத்தில் 2016 அக்டோபரில் முதன்முதலாகத் தேர்வுக்கு வந்தது.

2022 கதையைப் பாருங்கள். பள்ளிகளுக்கிடையே ஓட்டப் போட்டி நடக்கிற நாள். டேவிட் என்ற சிறுவனுக்கு மூளையைப் பாதித்த ஒரு நோய், மற்றவர்களைப்போல ஓட வராது. ஆனாலும் தவறாமல் பயிற்சிக்கு வந்தவன். வேறு பள்ளிப் பிள்ளைகள் கேலி செய்வார்களோ என்று பயிற்சியாளருக்குக் கவலை. ஓடுவதும் ஓடாததும் அவன் விருப்பம் என்று விட்டுவிடுகிறார். கதை சொல்வது அவனுடைய பள்ளி ஆசிரியர். அங்கே நிறுத்திவிட்டு, 'நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம், ஆனால் டேவிட் என் முகத்தைப் பார்க்கவில்லை' என்று முதல் பத்தியைத் தொடங்கிக் கொடுக்கிறார்கள்.

அவன் ஏன் முகத்தைப் பார்க்கவில்லை? எங்கேயும் எழுதியில்லை. கோபமா, வெட்கமா, ஏமாற்றமா? மேலே உள்ளதை வரிவரியாகப் படித்தவர்களுக்குத்தான் அந்த மௌனம் பிடிபடும். பிடிபடாதவர்கள் எழுதும் டேவிட் வேறு ஆளாகப் பேசுவான். கேள்வி என்று ஒன்றுமே கேட்காமல் ஒரு பிள்ளையின் வாசிப்பை உரசிப் பார்த்துவிடுகிறது. இந்த ஒரு கேள்விக்காக அந்தத் தாளை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சிபாரிசு செய்வேன்.

கோச்சிங்காரர்கள் இதையும் விட்டுவைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கண்ணீர் வடிந்தது, நெஞ்சு படபடத்தது, சூரிய ஒளி முகத்தில் பட்டது என்று எந்தக் கதைக்கும் ஒட்டக்கூடிய வாக்கியங்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். கடைசி வரியில் ஒரு நல்ல கருத்தைத் தூவச் சொல்கிறார்கள். கையெழுத்துக்கும் பயிற்சி உண்டு. ஹெபெய் மாகாணத்து ஹெங்ஷுயி பள்ளியின் பேரிலேயே ஒரு ஆங்கிலக் கையெழுத்துப் பாணி பிரபலம், அச்சடித்தது மாதிரி உருண்டையாக, ஒரே அளவில் இருக்கும். திரையில் வேகமாகத் திருத்துகிறவரின் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனாலும் ஒட்டுப்போட்ட டேவிட்டுக்கும் உயிருள்ள டேவிட்டுக்கும் வித்தியாசம் தெரியும். நாலில் ஒன்றைக் கறுப்பாக்குவதில் அதுகூடத் தெரியாது.

அப்படியானால் இதையே பெரிசாக்க வேண்டியதுதானே? இங்கேதான் செஜியாங் 2018 குறுக்கே வருகிறது. அந்த மாகாணத்தில் ஆங்கிலத் தேர்வை இரண்டு முறை எழுதி, எதில் அதிகமோ அதை வைத்துக்கொள்ளலாம். 2018 நவம்பர் தாள் கடினமாகப் போய்விட்டது. முந்தைய தேர்வோடு சமன்செய்ய, வாசிப்பிலும் எழுத்திலும் சில கேள்விகளுக்கு மட்டும் மதிப்பெண்ணை ஏற்றிக் கணக்குப் போட்டார்கள் அதிகாரிகள். முன்கூட்டி யாருக்கும் சொல்லவில்லை. முடிவு வந்ததும் பெற்றோர் கொதித்துவிட்டார்கள். தன் பிள்ளை நேர்மையாகப் போட்டதற்கும் அடுத்தவன் பிள்ளை விட்டதற்கும் உள்ள இடைவெளியை யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து சுருக்கிவிட்டார்கள் என்ற ஆத்திரம். மாகாண அரசே விசாரணை நடத்தி, டிசம்பரில் ஏற்றிய மதிப்பெண்ணை ரத்து செய்து, முதலில் எடுத்த மதிப்பெண்ணுக்கே திரும்பியது. மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்குப் பதவி போனது.

அந்தப் பெற்றோர்மேல் எனக்குக் கோபமில்லை. சிபாரிசும் பணமும் செல்லுபடியாகாத ஒரே வாசல் இது என்று நம்பித்தான் பிள்ளையை மூன்று வருஷம் கசக்கிப் பிழிகிறார்கள். அவர்களுக்கு ஏ, பி, சி, டி என்பது பாதுகாப்பு. மனிதக் கை படாத மதிப்பெண். வாசிப்பைச் சரியாக அளக்கிறதா என்பது அவர்களுடைய கேள்வியே அல்ல, எல்லாருக்கும் ஒரே மாதிரி அளக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதற்கு நடுவில் ஆங்கிலத்தையே முக்கியப் பாடத்திலிருந்து தூக்கிவிடலாம் என்று ஒரு கோஷ்டி. 2021 மார்ச்சில் தேசிய அரசியல் ஆலோசனை மாநாட்டு உறுப்பினர் ஒருவர் இதை முன்மொழிந்து பெரிய விவாதமானது. எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லை. தூக்கினால் குவாங்சோ பெண் வீட்டில் காசு கொடுத்துப் படித்துக்கொள்வாள். ஹுனான் பையனுக்குப் பள்ளியில் கிடைப்பதும் போய்விடும்.

என்னைக் கேட்டால், நாலு பேசேஜ் மூன்றாகட்டும், முதலில் அந்த விளம்பரத்தைத் தூக்குங்கள். மிச்சப்படுகிற ஏழரை மதிப்பெண்ணைக் கதையைத் தொடரும் கேள்வியில் சேருங்கள். திருத்திய விடைத்தாள்களில் கொஞ்சத்தைப் பெயரை மறைத்து, எதற்கு எவ்வளவு, ஏன் என்ற குறிப்போடு வருஷாவருஷம் வெளியிடுங்கள். இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தி, வித்தியாசம் அதிகமானால் மூன்றாவது ஆளிடம் போகிற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பெற்றோர் கண்ணில் படும்படி வைத்தால் போதும். செஜியாங் பெற்றோர் இதற்கு ஒப்புக்கொள்வார்களா என்று கேட்டால், 2018 ஞாபகம் இருக்கிறவரைக்கும் மாட்டார்கள்.