சித்தப்பாவுக்கு விழுந்த சீட்டு

பத்து வருஷத்துக்கு முன்னால் சித்தப்பாவுக்கு டிபி வந்தது. சளிப் பரிசோதனையில் கிருமி தெரிந்த அன்றே, ஓர் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். வழக்கமான ஆறு மாத மருந்தா, அதைவிடச் சீக்கிரம் முடியும் வேறு மருந்துகளா, எது மேல் என்று பார்க்கும் ஆய்வு. கையில் எட்டுப் பக்கத் தமிழ்ப் படிவம். 'சமவாய்ப்பு முறையில் ஏதேனும் ஒரு குழுவிற்கு ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்' என்று அதில் இருந்தது. நான் தமிழ் எம்.ஏ., எனக்கே இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. கடைசியில் நர்ஸ் அக்காதான், "சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரிங்கய்யா. எந்த மருந்துன்னு டாக்டரும் முடிவு பண்ண முடியாது, நீங்களும் முடியாது" என்றார். எட்டுப் பக்கமும் அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது.

வீட்டில் ஒரே ரகளை. "உங்களை எலியாக்கப் பாக்குறாங்க" என்று சித்தி அழுதார். அந்தப் பயம் பொய்யில்லை. 1948-ல் பிரிட்டனில் வெளியான, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைச் சோதித்த புகழ்பெற்ற ஆய்வில் 107 காசநோயாளிகள் இருந்தார்கள். அதில் மருந்தில்லாமல் படுக்கை ஓய்வு மட்டும் கிடைத்தவர்களுக்கு, தாங்கள் ஓர் ஆய்வில் இருப்பதே தெரியாது.

ஆனாலும் கையெழுத்துப் போடச் சொன்னவன் நான்தான். எனக்கு அந்தத் தைரியம் வந்தது சேத்துப்பட்டு கதையால்.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்த ஏற்பாடு. அப்போது டிபி என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, முட்டை, பால், மாதக்கணக்கில் படுக்கை. (தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்துக்கு இன்னும் அந்தப் பெயர்தான்.) அத்தனை பேருக்கும் கட்டில் எங்கே? அதனால் சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, மீதிப் பேர் தங்கள் ஓட்டு வீட்டுக்கும் குடிசைக்கும். இரு தரப்புக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷம்.

வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டம், இடம் நெருக்கடி, ஓய்வு கிடையாது. அப்படியும் வருஷக் கடைசியில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம் என்றால், வீட்டில் 86. கூடவே இருந்த குடும்பத்தாரை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் அவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை. அப்புறம் உலகம் முழுக்க சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மாத்திரை எண்ணுவது, மாத்திரை உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைப் பரிசோதிப்பது, கண்ணெதிரே விழுங்க வைப்பது எல்லாம் அங்கே வளர்ந்த பழக்கங்கள்தான்.

அந்த 193 பேரில் எத்தனை பேருக்குத் தாங்கள் உலகத்தின் வைத்தியத்தையே மாற்றியது தெரிந்திருக்கும்? என் ஆதங்கம் அதுதான். ஆள் கிடைப்பதில்லை, மக்களிடம் விழிப்புணர்வு இல்லை என்று ஆய்வாளர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். 2013-க்குப் பிறகு இங்கே சட்டம் இறுகியிருக்கிறது. புதிய மருந்து ஆய்வுகள் சிலவற்றில் சம்மதம் வாங்குவதை வீடியோ எடுக்க வேண்டும். எச்ஐவி, தொழுநோய் மருந்து என்றால் முகம் தெரியக் கூடாதென்று குரல் பதிவு மட்டும். நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் இந்த அக்கறை எல்லாம் உள்ளே வரும் வாசலில்தான். ஆய்வின் முடிவைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு பங்கேற்றவருக்குத் தரப்பட வேண்டும் என்று, மருத்துவ ஆய்வுகளுக்கான உலக நெறிமுறையான ஹெல்சின்கி பிரகடனம் சொல்கிறது. ஒரு வேளை மாத்திரை தவறினால் வீடு தேடி வரத் தெரிந்தவர்களுக்கு, கடைசியில் ஒரு தபால் கார்டு போடத் தெரியாதா?

சித்தப்பா குணமாகிவிட்டார். இப்போது 68 வயது, தினமும் சைக்கிள் மிதிக்கிறார். ஆய்வில் கொடுத்த அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். போன பொங்கலுக்குப் போனபோது கேட்டார்: "ஏம்ப்பா, அந்தக் குலுக்கல்ல கடைசியில எந்த மருந்து ஜெயிச்சுச்சு?"