பிள்ளைகளை வேனில் ஏற்ற வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் நடைக்கு வரும் நான்கு ஊர்ப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்து, மாதம் ஒருமுறை வேன் வைத்து வடுவூர் ஏரி மாதிரி இடங்களுக்குக் கூட்டிப்போய், ஆளுக்கு ஒரு பனியன் கொடுத்து, சின்னதாக ஒரு கட்டணமும் வாங்கி முகாம் மாதிரி நடத்தலாம் என்று நேற்று ஒரு யோசனை வந்தது. சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த 2021-ல் குடமுருட்டி ஆற்றங்கரையில் 7 பிள்ளைகளோடு தொடங்கியது இது. காலையில் 2 மணி நேரம் வாய்க்கால் ஓரமாக நடப்பது, பார்த்ததை நோட்டில் வரைவது, அவ்வளவுதான். இன்று நான்கு ஊரிலும் சேர்த்து 60 பேருக்கு மேல் வருகிறார்கள்.

ஆரம்பத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது ஒரு விஷயம். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும், பொது அறிவுக் கேள்வியாக. அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரியில் இறங்கி, திருக்காட்டுப்பள்ளி பக்கம் குடமுருட்டியாகப் பிரிந்து, தன் வீட்டுக் கொல்லைக்கு எப்படி வருகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பாசன வாய்க்கால் எது, வடிகால் எது என்றே தெரியவில்லை. ஆளுக்கு ஒரு பூவரச இலையைக் கொடுத்து, ஒன்றை மதகடியிலும் ஒன்றை வயலுக்குப் பின்னால் ஓடும் வடிகாலிலும் போடச் சொன்னோம். இலை போன போக்கில் கூடவே ஓடினார்கள். காட்டாமணக்குப் புதரில் இலை சிக்கினால் குச்சியால் தள்ளிவிட்டு மறுபடி ஓட்டம். ஊர் எல்லையில் போய் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு சின்னப் பெண் கேட்டாள்: “நம்ம வடிகால்தான் அடுத்த ஊருக்குப் பாசனமா?” ஆமாம்மா என்றேன். அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் வருஷம் கோயில் குளத்தடியில்தான் கூடினோம். குறிப்பிட்ட தெருப் பிள்ளைகள் மட்டுமே வந்தார்கள். எந்தத் தெரு, எது வரவில்லை என்று டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கூடும் இடத்தை இரண்டு தெருவுக்கும் நடுவில் இருக்கும் வாய்க்கால் பாலத்துக்கு மாற்றியதும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். அப்படி வந்த ஒரு ஆறாம் வகுப்புப் பையன், வகுப்பில் வாயே திறக்காதவனாம். வரப்பில் குந்தி உட்கார்ந்து வளை வளையாகக் காட்டினான்: “வாயில ஈரச்சேறு புதுசாக் கெடந்தா நண்டு உள்ள இருக்கு. வழவழன்னு இருந்தா கைய விடாத, பாம்பு இருக்கும்.” இன்னொரு நாள், வரப்பில் குவியலாகக் கிடந்த நத்தை ஓடுகளை வைத்து, இங்கே நத்தைகுத்தி நாரை மேய்ந்திருக்கிறது என்று சொன்னவனும் அவன்தான். மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும் அதன் அலகை முதலில் வரைந்ததும் அவனே. 100 ரூபாய் கட்டணம் வைத்தால் முதலில் நின்றுபோகிறவன் இவன். அவன் அம்மாவிடம் கேட்டால் எப்படியாவது கொடுத்துவிடுவார், அது இன்னும் கொடுமை.

அடுத்தது தண்ணீர். போன வருஷம் ஒரு பையன் மதகடியில் வழுக்கி விழுந்தான். இடுப்பளவுத் தண்ணீர்தான், பக்கத்திலேயே ஆள் இருந்ததால் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டோம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு வாரம் பாதிப் பேர் வரவில்லை, அந்தப் பெற்றோர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆற்றங்கரையில் பிறந்த பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியவில்லை என்பதுதான் என்னை அரித்தது. பிறகு ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் குளத்தில் இறங்கி, வாழைக்கட்டையைப் பிடித்துக் காலடிக்கப் பழக்கினார்கள். 5 பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று அன்று வைத்த கணக்கை இன்றுவரை மீறவில்லை. 60 பேரை ஒரே கரையில் நிறுத்திவிட்டு யார் யாரைப் பார்ப்பது?

வடுவூர் ஏரிக்குப் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த பறவை ஏரி, கார்த்திகை மார்கழியில் ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும். செலவை ஊர் ஏற்கட்டும். ஆனால் சொந்த வயலில் மடையான், உள்ளான் போன்ற பறவைகளைப் பார்த்துப் பழகிய கண்ணோடு போகட்டும். இல்லையென்றால் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பி வருவார்கள்.

பெரிதாக்க வேண்டும் என்கிறவர்களுக்கு நம் ஊர் வழக்கமே இருக்கிறது. நாற்றங்காலில் நெருக்கியடித்து நிற்கும் பயிரைப் பறித்து நட்டால்தானே தூர் கட்டும்? ஐந்தாவது ஊரில் தொடங்குங்கள். அந்த ஊர் வாய்க்கால், அந்த ஊர்ப் பிள்ளைகள், நடவு நட்டுப் பழகிய அந்த ஊர் அக்காமார்கள் இரண்டு பேர். முதல் 7 பேரில் வந்த பெண் இப்போது பத்தாம் வகுப்பு, எங்கள் ஊர் நடையை அவள்தான் கூட்டிப்போகிறாள். முதல் சில வாரம் அங்கே வந்து உடன் நடக்கத் தயார் என்கிறாள்.

வருகிற ஞாயிறு காலை ஆறரைக்குப் பாலத்தடியில் கூடுகிறோம். பதினெட்டாம் பெருக்குக்கு இரண்டு தெருப் பிள்ளைகளும் சேர்ந்து சப்பரம் கட்டுகிறார்கள். மரச் சட்டம், பழைய சக்கரம், கலர் பேப்பர் யார் வீட்டில் இருந்தாலும் கொடுத்தனுப்புங்கள்.