கண்ணில் செல் படவில்லை

என் தம்பிக்கு வலது கண் இல்லை. மல்லாவிப் பக்கம் அவனைத் தெரிந்த எல்லாருக்கும் அது போரில் செல், அதாவது எறிகணை, பட்டுப் போன கண். யாரும் கேட்டதில்லை, நாங்களும் திருத்தியதில்லை. வன்னியில் ஒருவருக்குக் கண் இல்லை, கால் இல்லை என்றால் ஏன் என்று யார் கேட்பது? 2017இல் சம்பந்தம் பேசி வந்தபோதுதான் பெண் வீட்டார் ஒரு தரம் கேட்டார்கள். நான்தான் பதில் சொன்னேன். "சின்னனில செல் பட்டது" என்றேன். அம்மா தேத்தண்ணிக் கோப்பைகளைத் தட்டத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

செல் படவில்லை. 1989இல், அவனுக்கு இரண்டு வயது நடக்கும்போது, கண்ணுக்குள் கட்டி என்று சொல்லி யாழ்ப்பாணத்தில் வைத்துக் கண்ணை எடுத்தார்கள். அந்தக் கட்டிக்கு ரெட்டினோபிளாஸ்டோமா, விழித்திரைப் புற்றுநோய் என்று பெயர். அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது 2023இல், அவனுடைய மகளுக்கும் அதே வருத்தம் வந்த பிறகு.

இதை எழுதலாமா என்று தம்பியிடமும் அவன் மனைவியிடமும் கேட்டேன். "எழுதுங்கோ மச்சாள், பெயர் மட்டும் போடாதேங்கோ" என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

தம்பியின் மகள், என் மருமகளின் முதலாவது பிறந்தநாள். கேக் வெட்டி முடிந்த பிறகு விறாந்தையில் வைத்து எடுத்த படம், இருட்டிவிட்டதால் ஃபிளாஷ் அடித்தது. இடது கண்மணி சிவப்பாக விழுந்திருந்தது, ஃபிளாஷில் எல்லாருக்கும் அப்படித்தான் விழும். வலது கண்மணி வெள்ளை. கண்ணுக்குள் ஒரு துளி பால் விட்ட மாதிரி வெள்ளை. நாங்கள் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஃபோன் பழசு, அதுதான் என்றோம். பிறகு அந்தக் கண் கொஞ்சம் வாக்காக, மாறுகண் மாதிரிப் போகத் தொடங்கியது. முதலில் காட்டிய இடத்தில், வளர வளரச் சரிவரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாலு மாதம் போனது.

அந்த நாலு மாதத்தை அவர்கள் தலையில் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் அப்பாவுக்கும் சின்ன வயதில் இதே மாதிரிக் கட்டி வந்து கண்ணை எடுத்தது என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் அன்றைக்கே கண் டொக்டரிடம் அனுப்பியிருப்பார்கள். தம்பி அங்கேதான் நின்றான். அவனைப் பார்த்தவர்களும் செல் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் பக்கத்தில் மனைவி நின்றாள், அவளுக்கும் நாங்கள் செல் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம்.

கடைசியில் கொழும்பில் ஒரு சிறுவர் புற்றுநோய் வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகளுக்கு வருகிற புற்றுநோய்களிலும் குறிப்பாகப் பரம்பரையால் வருகிறவற்றைப் பார்க்கிறவர். இப்படி ஒரு வைத்தியத் துறை இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான், ஒரு தாதி மிஸ் மொழிபெயர்த்தார். ஸ்கான் படங்களைப் பார்த்து முடித்துவிட்டு, தம்பியின் முகத்தை நேராகப் பார்த்து, "அப்பாவின் கண்ணுக்கு என்ன நடந்தது?" என்று அந்தக் கொஞ்சத் தமிழிலேயே கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். மச்சாளும் என்னைப் பார்த்தாள். சொன்னேன்.

உடனே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எங்கள் குடும்பத்தைக் கீறத் தொடங்கினார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு, புற்றுநோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு. தம்பியின் சதுரமும் மருமகளின் வட்டமும் கறுப்பாகின. மேலே போனார். "பெரிய மாமா எத்தனை வயதில் இறந்தார்? என்ன வருத்தம்?" செல், 2009. "சின்ன மாமா?" செல். "அப்பாவின் தம்பி?" தெரியாது, மே 2009க்குப் பிறகு தகவல் இல்லை. அவருடைய பேனை அந்த இடத்தில் நின்றது. கோடு போடவில்லை. ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார். மூன்று தலைமுறை கேட்டார், எங்களால் ஒழுங்காகச் சொல்ல முடிந்தது ஒன்றரைத் தலைமுறை.

இதைத்தான் நான் பிறகு பல நாள் யோசித்தேன். பரம்பரைப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கிற முறையே குடும்பத்தில் யார் யாருக்கு என்ன வயதில் என்ன வந்தது என்று கேட்பதில்தான் தொடங்குகிறது. 1969இல் அமெரிக்காவில் லீ, ஃபிராமெனி என்ற இரண்டு வைத்தியர்கள் சில குடும்பங்களில் பிள்ளைகளுக்குத் தசைப் புற்றுநோயும் இளம் தாய்மாருக்கு மார்புப் புற்றுநோயும் சேர்ந்து வருவதைக் கவனித்தது அப்படிக் கேட்டுத்தான், அந்த நிலைக்கே இன்றைக்கு அவர்களுடைய பெயர். ஆனால் இருபது வயதில் செல்லில் போனவனுக்கு முப்பத்தைந்தில் என்ன வந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் குடும்பத் தாளில் கறுப்பு இல்லாத சதுரம் எல்லாம் நல்ல சுகத்தோடு வாழ்ந்த சதுரம் என்று அர்த்தமில்லை. ஆகவே "குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை" என்று வன்னியில் ஒரு தாய் சொன்னால், அதோடு கோப்பை மூடக் கூடாது. பிள்ளைக்கு வந்திருக்கிற புற்றுநோயின் வகையைப் பார்த்தே பரிசோதிக்க வேண்டும். போர் நடக்காத நாட்டிலேயே அப்படித்தான்: அமெரிக்காவில் மெம்பிஸில் உள்ள செயின்ட் ஜூட் சிறுவர் ஆஸ்பத்திரியில் 1,120 பிள்ளைகளைப் பரிசோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில் 8.5 வீதமான பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே புற்றுநோய்க்கு வழிவிடுகிற மாற்றம் இருந்தது, அவர்களில் குடும்ப விபரம் தெரிந்த பிள்ளைகளை எடுத்தால் பாதிக்கு மேற்பட்டவர்களின் குடும்பத்தில் புற்றுநோயே சொல்லப்படவில்லை. அங்கேயே அந்தக் கணக்கு என்றால் முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய் வந்த குடும்பங்களுக்கு எப்படி இருக்கும்?

நான் தரம் 11க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி, நிறமூர்த்தம் (குரோமோசோம்), பரம்பரையலகு (ஜீன்) எல்லாம் வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவள். ஆனால் அந்த அறையில், மிஸ் மொழிபெயர்த்து "தம்பியின் 13ஆவது நிறமூர்த்தத்தில் ஒரு பரம்பரையலகில் விகாரம் இருக்கு, அது பிள்ளைக்கும் வந்திருக்கு" என்று சொன்னபோது, கூட வந்திருந்த அம்மா அழத் தொடங்கிவிட்டார். மிஸ் சொன்னது பாடப்புத்தகச் சொல்தான், பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அம்மாவுக்கு விகாரம் என்றால் அலங்கோலம், பார்க்கச் சகிக்காதது. தன் பிள்ளையையும் பேத்தியையும் விகாரம் என்று சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். அதன் பிறகு நான் வகுப்பில் அந்தச் சொல்லை எழுதும்போது, எழுத்துக்கூட்டில் ஒரு எழுத்துப் பிழைத்த மாதிரி ஒரு மாற்றம் என்று சேர்த்துச் சொல்லாமல் விடுவதில்லை.

அம்மா கேட்டது ஒன்றுதான். "என்னில இருந்தோ வந்தது?" வைத்தியர் எழும்பி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். இந்த வருத்தம் பரம்பரையாகக் கடக்கக்கூடிய பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அந்த மாற்றம் தாய் தகப்பனிடமிருந்து வந்ததே இல்லை, கரு உண்டாகும் நேரத்தில் புதிதாக ஏற்பட்டது, தம்பிக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும், யாரும் ஒன்றும் செய்து வரவில்லை, யாரும் ஒன்றும் செய்து தடுத்திருக்கவும் முடியாது என்று மெதுவாகச் சொன்னார். முப்பத்து நாலு வருடமாக அம்மா தன்னைத்தான் சாட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது.

வருத்தம் எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சைக்கிளுக்கு முன் பிரேக், பின் பிரேக் என்று இரண்டு இருப்பது போல, விழித்திரையின் ஒவ்வொரு கலத்துக்கும் இந்தப் பரம்பரையலகு இரண்டு பிரதியாக இருக்கிறது. சாதாரணப் பிள்ளைக்கு ஒரே கலத்தில் இரண்டும் பழுதாவது மிக அபூர்வம். மருமகளைப் போன்ற பிள்ளைகள் உடம்பு முழுக்க ஒரு பிரேக் அறுந்தபடிதான் பிறக்கிறார்கள், மற்றது எங்கேயாவது ஒரு கலத்தில் அறுந்தால் கட்டி. அதனால்தான் சின்ன வயதிலேயே வருகிறது, பல பேருக்கு இரண்டு கண்ணிலும் வருகிறது. 1971இல் அல்ஃப்ரட் நுட்சன் என்ற வைத்தியர் 48 பிள்ளைகளின் விபரங்களை வைத்துக் கணக்குப் பார்த்தே இதைச் சொல்லிவிட்டார், அப்போது அந்தப் பரம்பரையலகை யாரும் கண்ணால் கண்டிருக்கவில்லை. தம்பி போன்ற ஒருவருக்குப் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடக்கிற வாய்ப்பு சரிபாதி.

ஊரில் இரண்டு கதை ஓடியது. ஒன்று, சொந்தத்துக்குள் முடித்ததால் வந்தது என்று. தம்பி முடித்தது அந்நியத்தில், அது வேறு. ஆனால் சொந்தத்தில் முடித்திருந்தாலும் இதற்குச் சம்பந்தமில்லை, இது ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுகிற வேறு வருத்தங்கள் இருக்கின்றன, ஃபன்கோனி இரத்தச்சோகை மாதிரி, பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகக்கூடியது. மச்சான் மச்சாள் முடிக்கிற எங்கள் பழக்கத்தைப் பற்றி அங்கேதான் யோசிக்க வேண்டும். மற்றக் கதை, எல்லாம் குண்டு மருந்தால் வந்தது என்று. எங்கள் மேல் விழுந்தவற்றைப் பற்றி எனக்கு இருக்கிற கோபம் யாருடைய கோபத்துக்கும் குறைந்ததல்ல. ஆனால் பிள்ளைக்கு வருகிற ஒவ்வொரு வருத்தத்துக்கும் அதையே காரணமாகச் சொன்னால், அடுத்த பிள்ளையின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே வராமல் போகிறது.

மருமகளின் வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. இடது கண்ணில் மூன்று சின்னக் கட்டிகள், கீமோவும் லேசரும் செய்து அடக்கினார்கள். மூன்று, நாலு கிழமைக்கு ஒரு தரம் மயக்க மருந்து கொடுத்துக் கண்ணைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு தரமும் இரவு பஸ், முந்நூறு கிலோமீற்றர், பிள்ளைக்கு விடியப்புறம் தொடங்கிப் பால்கூடக் கொடுக்கக் கூடாது. தம்பி லாண்ட்மாஸ்டரை, தன் இரண்டு சில்லு உழவு மெஷினை, விற்றான். சிகிச்சைக்குக் காசு எடுக்கவில்லை, போய் வருவதற்கும் தங்குவதற்கும் பரம்பரையலகுப் பரிசோதனைக்கும்தான் அது கரைந்தது.

கண் எடுத்த பிறகு ஊருக்குத் திரும்பி வந்த அந்த இரவு பஸ்ஸில் மச்சாள் என் பக்கத்தில் இருந்தாள். தம்புள்ளை தாண்டும் வரைக்கும் ஒரு சொல் கதைக்கவில்லை. பிறகு யன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "முதலே சொல்லியிருந்தாலும் நான் அவரைக் கட்டியிருப்பன் மச்சாள். பிள்ளையின்ர கண்ணைத்தான் பிறந்த கிழமையே கொண்டுபோய்க் காட்டியிருப்பன்."

2024இல் இரண்டாவது பிள்ளை பிறந்தான். பிறந்த ஒரு கிழமைக்குள் கண்ணைப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. இரத்தப் பரிசோதனையில் அதே மாற்றம் அவனுக்கும் இருந்தது. இரண்டாம் மாதத்தில் ஒரு கண்ணில் இரண்டு மில்லிமீற்றர்கூட இல்லாத ஒரு புள்ளி. லேசர் அடித்தார்கள். இன்றைக்கு அவனுக்கு இரண்டு கண்ணும் இருக்கிறது, என் மூக்குக்கண்ணாடியைப் பறிப்பதுதான் அவனுடைய வேலை. அக்காவுக்கும் தம்பிக்கும் அதே பரம்பரையலகு, அதே மாற்றம். அவளுக்கு நாங்கள் மறைத்தோம், இவனுக்குச் சொன்னோம்.

ஆகவே என் கருத்து இதுதான், யார் கோபித்தாலும் பரவாயில்லை. சம்பந்தம் பேசும்போது சாதகம் பார்க்கிறோம், சீதனக் காணியின் உறுதியைத் தோம்பு, அந்தக் காலத்துக் காணிப் பதிவேடு, வரைக்கும் தேடிப் பார்க்கிறோம், வருத்தத்தை மட்டும் புதைக்கிறோம். கலியாணம் குழம்பும் என்ற பயம் எனக்குத் தெரியும், அந்தப் பயத்தில்தான் நானே பொய் சொன்னேன். ஊருக்குச் சொல்ல வேண்டாம். கட்டப்போகிறவளுக்குச் சொல்லுங்கள், பிள்ளையைப் பார்க்கிற டொக்டருக்குச் சொல்லுங்கள். ஃபோன் படத்தில் ஒரு கண்மணி மட்டும் திரும்பத் திரும்ப வெள்ளையாக விழுந்தால், கண் புதிதாக வாக்காகப் போனால், அந்தப் படத்தையே எடுத்துக்கொண்டு கண் வைத்தியரிடம் போங்கள், முதல் ஆள் பரவாயில்லை என்றால் இரண்டாவது ஆளிடம் போங்கள்.

அடுத்தது அரசாங்கத்துக்கும் எங்கள் வெளிநாட்டு உறவுகளுக்கும். தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை எழும்புவதற்காக 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் நடந்து காசு சேர்த்தார்கள், தெற்கிலும் வடக்கிலும் உள்ள சனம் கொடுத்த காசு அது. அப்படி ஒரு கட்டடமே எழும்புமென்றால், மாதத்தில் ஒரு நாள் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தமிழில் கதைக்கிற ஒரு பரம்பரை நோய் ஆலோசனைக் கிளினிக் வைக்க முடியாதா? ஒரு தாளும் பேனையும் அந்த அறிவுள்ள ஒரு ஆளும் வந்தால் தொடங்கலாம். இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பலாம், பிள்ளையை ஒவ்வொரு தரமும் பஸ்ஸில் ஏற்ற வேண்டியதில்லை. ஒரு குடும்பத்தில் என்ன மாற்றம் என்று ஒரு தரம் தெரிந்துவிட்டால் மற்ற உறவுகளைப் பரிசோதிப்பது சுலபம். நானும் செய்தேன், எனக்கு இல்லை, என் பெடியன்களுக்கும் என் வழியாகப் பயமில்லை. அந்தப் பதில் வரும் வரைக்கும் நான் நித்திரை கொண்ட இரவுகள் குறைவு.

தம்பிக்கும் இது முடிந்துபோன கதை இல்லை என்று வைத்தியர் சொன்னார். இந்த மாற்றம் உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் எலும்பு, தோல், நுரையீரல் என்று வேறு இடங்களில் வரக்கூடும், புகைக்கவே கூடாது. அன்றைக்கே, புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற மகரகமவில், பஸ் தரிப்பிடத்தில் மிச்சம் இருந்த சிகரெட் பெட்டியைக் குப்பையில் போட்டான்.

மருமகள் வளர்ந்த பிறகு காட்டுவதற்கென்று அந்த வைத்தியர் ஒரு கடிதம் எழுதித் தந்தார். என்ன மாற்றம், என்ன சிகிச்சை கொடுத்தது, தேவையில்லாமல் கதிர் படக் கூடாது, பதின்ம வயதில் எலும்பு நோ மாறாமல் இருந்தால் உடனே காட்ட வேண்டும், பிள்ளை பெறும் காலத்தில் முதலே கதைக்க வேண்டும். அம்மாவிடம் ஒரு கறுப்பு றெக்சின் பை இருக்கிறது. காணி உறுதி, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், என் சோதனைப் பெறுபேறு எல்லாம் அதற்குள்தான், மல்லாவியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும், பிறகு முகாமுக்கும், நெஞ்சோடு கட்டிக்கொண்டு திரிந்த பை. 1989இல் தம்பியின் கண்ணை எடுத்தபோது தந்த ஆஸ்பத்திரித் துண்டு மட்டும் அதற்குள் ஒருநாளும் இருந்ததில்லை, நான் கேட்டபோது "ஏன் அதை வைப்பான்" என்றார். போன மாதம் அந்தக் கடிதத்தை வாங்கி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, காணி உறுதிக்கு மேலே வைத்துச் சிப்பை இழுத்துப் பூட்டினார்.