அது என் செக்‌ஷன் இல்லை

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விளைந்தது விதைக்கத் தகுந்தது என்று அரசு தரும் விதைச் சான்றுக்காக அலுவலகம் வந்த பெரியவரை மூன்று மேசைக்கு அலையவிட்டு, கடைசியில் "அது என் செக்‌ஷன் இல்லை, திங்கட்கிழமை வாங்க" என்று அனுப்பினார்களே, அதுதான். நேற்றிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. வயலைப் பதிவு செய்வதிலிருந்து மூட்டையில் சான்று பெற்ற விதை என்று காட்டும் நீல அட்டை கட்டுவது வரை ஒரு விவசாயியின் கோப்புக்கு ஒரு குழு மொத்தமாகப் பொறுப்பேற்க வேண்டும். ஒருவர் லீவு என்றால் இன்னொருவர் வயலுக்கு வரவேண்டும்.

"அப்போ கேட்டவனுக்கெல்லாம் சான்று கொடுத்துடலாமா?" என்று உடனே வருவீர்கள். கொடுக்கவே வேண்டாம். நெல் விதைக்கு முளைப்பு 80 சதவீதம், புறத்தூய்மை, அதாவது தூசியும் பிற விதையும் கலக்காத அளவு, 98 சதவீதம், ஈரம் 13 சதவீதத்துக்குள். ஒன்றில் தவறினாலும் தள்ளிவிடுங்கள். 1966 விதைச் சட்டம் வந்ததே விதை வாங்குகிறவன் ஏமாறக் கூடாது என்றுதான். தள்ளும்போது ஆளை உட்காரவைத்து, காரணம் சொல்லித் தள்ளுங்கள் என்கிறேன். தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவை மையத்தில் டோக்கன் வாங்கி ஏ, பி, சி கவுண்டர் தாண்டி வெளியே வந்துவிடுகிறோம், அதற்காகப் போலீஸ் விசாரணையை விட்டுவிட்டார்களா என்ன?

சில வருஷத்துக்கு முன் வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கும் எங்கள் மூன்று ஏக்கரில் சி.ஆர். 1009 என்ற நெல் ரகத்துக்கு விதைப்பண்ணை போட்டோம். பூ வந்ததிலிருந்து அறுப்புக்குள் இரண்டு தடவையாவது ஆய்வு நடக்கவேண்டும். அப்பா மார்கழிப் பனியில் முழங்கால் சேற்றில் இறங்கி, உயரத்தில் மாறி நின்ற வேற்று ரகக் கலவனை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வரப்பில் போட்டார். வரவேண்டிய அலுவலர் பயிற்சிக்குப் போயிருந்தார். மற்றவர்களைக் கேட்டால், அது அவர் ஏரியாவாம். அவர் வந்தபோது கதிர் முற்றிச் சாய்ந்துவிட்டது. ஒரு ஆய்வுதான் ஆனது, சான்று கிடையாது. விதையாகப் போகவேண்டியது சாதா நெல்லோடு கொள்முதலுக்குப் போனது. வாங்கி வைத்த புதுச் சாக்கை அப்பா மடிப்புக் கலையாமல் பரணில் ஏற்றினார்.

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். தெரியும். பத்துப் பேர் வேலையை நான்கு பேர் பார்க்கும் இடத்தில்தான் சேர்ந்து பார்க்கவேண்டும், ஆளுக்கொரு வேலி போட்டுக்கொண்டால் எப்படி? விவசாயி என்ன வாடிக்கையாளரா என்று அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். பதிவுக் கட்டணம், ஆய்வுக் கட்டணம் எல்லாம் கட்டிவிட்டுத்தான் நிற்கிறோம், வேறு என்ன பெயர் வைப்பீர்கள் எங்களுக்கு?

அந்தப் பெரியவர் கையில் இருந்த மஞ்சப்பையைக் கவனித்தீர்களா? ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். எங்கள் அப்பாவும் அப்படித்தான் வைத்திருப்பார்.

திங்கட்கிழமை அவரோடு நானும் போகிறேன். முடிந்தவர்கள் பத்து மணிக்கு அந்த அலுவலகத்துக்கு வாருங்கள்.