நாலு லாங் சோர்ட், ஒரு ஹார்ன் கூட இல்லை

மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் என்ற வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. மற்றவர்கள் தாராளமாகக் கடந்து போகலாம்.

நாலு பேர் வரை சேர்ந்து பெரிய மிருகங்களை வேட்டையாடுகிற, 14 வகை ஆயுதம் இருக்கிற விளையாட்டு இது. வேலை முடிந்து, சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரி பத்தரைக்கு உள்ளே வந்து பார்த்தால் நம் கூட்டத்தில் நாலு பேர் முதுகிலும் லாங் சோர்ட் என்ற நீண்ட வாள். ஏன்டா என்று கேட்டால், "யூடியூப்ல முதல் இடம் குடுத்திருக்கான் அண்ணே" என்கிறான் பூச்சோங் தம்பி. நம் பசங்களோடு எனக்கு இருக்கிற ஒரே சண்டை இதுதான்.

எந்த ஆயுதம் சிறந்தது என்று யூடியூபில் வரிசைப்படுத்துகிற அந்தப் பட்டியல்கள் பொய் என்று சொல்லவில்லை. அதைப் போடுகிறவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று கவனியுங்கள். தனியாகப் போகிறார்கள். ஒரே மிருகத்தைத் திரும்பத் திரும்ப வேட்டையாடி அதன் ஒவ்வோர் அசைவையும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அடியே வாங்காமல் முடித்துவிட்டு எத்தனை நிமிடம் ஆனது என்று பார்க்கிறார்கள். நமக்கு நிமிடம் எப்போதுமே பிரச்சினை இல்லை லா. ஒரு வேட்டைக்குப் பொதுவாக 50 நிமிடம் தருகிறார்கள். நேரம் போதாமல் நம் கூட்டம் தோற்று நான் பார்த்ததில்லை. நாம் தோற்பது மூன்று முறை மயங்கி விழுந்துதான். அந்த மூன்றும் ஆளுக்கு மூன்று இல்லை, எல்லாருக்கும் சேர்த்து மூன்று. பூச்சோங் தம்பி ஒருவனே இரண்டைத் தீர்த்துவிட்டால், மிச்சம் இருக்கிற ஒற்றை உயிரை நாலு பேரும் பங்குபோட்டுக்கொண்டு அர்க்வெல்ட் மாதிரி ஒரு மிருகத்தின் முன்னால் நிற்க வேண்டியதுதான்.

அதனால் நாலு பேராகப் போகும்போது ஆயுதத்தைத் தனியாக உட்கார்ந்து முடிவு செய்யக்கூடாது என்பது என் கட்சி. மற்ற மூவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

பாட்டு வாசித்துக்கொண்டே அடிக்கிற ஹன்டிங் ஹார்னையே எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கச் சொன்னால், "மேளம் அடிக்கவா வந்தேன்?" என்கிறார்கள். உறுமி மேளம் இல்லாமல் பத்துமலைக்குக் காவடி தூக்கிப் போவானா ஒருத்தன்? ஹார்ன்காரன் தாக்குதலைக் கூட்டும் பாட்டை வாசித்தால் அது அவனுக்கு மட்டும் இல்லை, நாலு பேர் அடிக்கும் சேர்த்து ஏறுகிறது. ஹார்னைப் பொறுத்துக் காயம் ஆற்றும் பாட்டும் உண்டு. இதெல்லாம் போக, தலையில் நாலு போட்டால் மிருகம் கிறுகிறுத்து விழும். அது கீழே கிடக்கிற நேரத்தில்தான் லாங் சோர்ட்காரர்கள் திரையில் அடியின் அளவைப் பெரிய பெரிய எண்ணாகப் பார்த்துக் குதூகலிக்கிறார்கள். அந்த எண்ணில் பாதிப் புண்ணியம் ஹார்ன்காரனுடையது. யாரும் சொல்வதில்லை.

ஒரு குறையும் உண்டு. ஹாமர், ஹார்ன் இரண்டும் மொட்டை ஆயுதம், வாலை வெட்டாது. வால் வேண்டும் என்றால் கூட்டத்தில் ஒரு வெட்டு ஆயுதமாவது இருந்தாக வேண்டும். சரி, அதற்கு ஒரு லாங் சோர்ட் போதுமே, நாலு எதற்கு? அவன் நீட்டிச் சுழற்றும்போது பக்கத்தில் நிற்கிற நாம் தடுமாறுவது இதே தொடரின் பழைய விளையாட்டான வேர்ல்ட் காலத்திலிருந்து தொடர்கிற கதை. அதைத் தடுக்க பிளிஞ்ச் ப்ரீ என்று ஒரு திறன் இருக்கிறது. கூட ஆடுகிறவன் வாளிலிருந்து தப்பிக்க என் கவசத்தில் நான் இடம் ஒதுக்க வேண்டுமாம்!

அப்புறம் சோர்ட் அண்ட் ஷீல்ட். சின்னக் கத்தி என்று கேலி செய்கிறார்கள். ஆயுதத்தை உறையில் போடாமலே மருந்து குடிக்கலாம் என்பது அதன் பழைய பெருமை. அதோடு வைட் ரேஞ்ச் திறனையும் ஏற்றி வைத்தால் நான் குடிக்கிற மருந்து சுற்றி நிற்கிறவர்களுக்கும் போய்ச் சேரும். குடித்தது நான், உயிர் வந்தது அவனுக்கு. செந்தூலில் இருக்கிற என் மாமா மகன் இப்படித்தான் ஆடுகிறான். அவன் வருகிற ராத்திரிகளில் நாங்கள் தோற்பது அபூர்வம். ஆனால் எந்தப் பட்டியலிலும் அவன் ஆட்டம் மேலே வராது, ஏனென்றால் பட்டியல் போடுகிறவன் தனியாகத்தானே போகிறான், யாருக்கு மருந்து கொடுப்பான்?

நெருப்பு, நீர், இடி, பனி, டிராகன் என்ற ஐந்து சக்திகளைப் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. அந்தச் சக்தி ஒவ்வோர் அடிக்கும் தனியாகச் சேர்கிற ஒன்று. ஆகவே கண்மூடித் திறப்பதற்குள் பல வெட்டு வெட்டுகிற டூயல் பிளேட்ஸுக்கும், அம்பாகப் பொழிகிற வில்லுக்கும் அது அள்ளித் தருகிறது. மூச்சைப் பிடித்து ஒரே போடாகப் போடுகிற கிரேட் சோர்டில் அதனால் பெரிய லாபம் இல்லை. அதற்கு வெறும் தாக்குதல் எண்தான் முக்கியம். உத் டுனாவுக்கு இடி, நு உட்ராவுக்கு நீர் என்று மிருகத்துக்கு ஒரு டூயல் பிளேட்ஸ் செய்து வைத்திருப்பவனை நான் மதிக்கிறேன். அதே கணக்கில் ஐந்து கிரேட் சோர்ட் செய்து வைத்திருப்பவனுக்குப் பொழுது போகவில்லை என்று அர்த்தம்.

அடி கூடுதலாக விழும் வாய்ப்பைச் சொல்கிற அஃபினிட்டியும் அப்படித்தான். சாதாரணமாக அது பலித்தால் அந்த அடி 25 விழுக்காடு கூடும். எதிர்மறையாக இருந்தால் சில அடிகள் அதே அளவு குறையும். தாக்குதல் எண் பெரிதாக இருக்கிறது என்று ஓர் ஆயுதத்தை எடுக்கும் முன் அந்தக் கழித்தல் குறியையும் ஒரு தடவை பாருங்கள்.

வைல்ட்ஸில் நாம் ஏறிப் போகிற செக்ரெட் என்ற பிராணியின் முதுகில் இரண்டாவது ஆயுதம் வைத்துக்கொள்ளலாம். 2025 பிப்ரவரியில் விளையாட்டு வந்தபோது எனக்கு மிகவும் பிடித்த புதுமை இதுதான், பலர் வீணடிப்பதும் இதைத்தான். முதல் ஆயுதம் என் கைக்கு, இரண்டாவது கூட்டத்துக்கு. நான் ஈட்டியும் கேடயமுமான லான்ஸ்காரன். செக்ரெட்டில் எப்போதும் ஒரு ஹார்ன் இருக்கும். யாராவது இரண்டாவது முறை விழுந்துவிட்டால் ஏறி உட்கார்ந்து மாற்றிக்கொள்வேன். தாக்குதல் சார்ந்த திறன்கள் ஆயுதத்தோடு போகின்றன, மற்றவை கவசத்தில் தங்குகின்றன என்பதால் கவசத்தை இரண்டுக்கும் பொதுவாகவே அமைத்திருக்கிறேன். அதிகபட்ச அடி வராது. வேண்டாம்.

லான்ஸ் எடுத்ததற்கு என் பழைய லேப்டாப்பும் ஒரு காரணம். லோ யாட் கணினிக் கடையில் ரேம் கூட்டிப் பார்த்தும் மழை, புயல் என்று திரை நிரம்பும்போது படம் திக்குகிறது. கண்ணிமைக்கும் நொடியில் சரியாக விலகித் திருப்பி அடிக்க வேண்டிய ஆயுதம் எனக்கு ஒத்துவராது. கேடயத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒத்துவரும். இந்த ஒரு விஷயத்தை எந்த வீடியோவிலும் சொல்ல மாட்டார்கள், அவர்கள் கணினி விலை அப்படி.

பாகங்களைச் சேர்த்துச் செய்கிற ஆர்டியன் ஆயுதத்துக்காக மாதக்கணக்கில் பாகம் பொறுக்குகிறவர்களிடம் ஒரே வார்த்தை. ஐந்து கட்டமாக ஏறும் அந்தக் கூடுதல் பலன்கள் அதிர்ஷ்டத்தில் வருபவை. சுமாராக வந்ததும் எடுத்துக்கொண்டு வேட்டைக்கு வாருங்கள் பாஸ், நாலு நம்பர் லாட்டரி எடுக்கிற மாதிரி அங்கேயே நிற்காதீர்கள்.

சனிக்கிழமை ராத்திரி மூன்று பேர் இருக்கிறோம்: லான்ஸ், சோர்ட் அண்ட் ஷீல்ட், வில். தலையில் அடிக்க ஒருவர் வேண்டும். ஹாமரோ ஹார்னோ ஓரளவு ஆடத் தெரிந்தால் போதும், தரம் பற்றிக் கவலை இல்லை. மைக் கட்டாயம், மிருகம் தூங்கும்போது குத்தி எழுப்புகிற பழக்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.